அவர்கள் இருவரும் கேட்ட பாட்டு

1

என் கணவருக்குப் பாட்டு பிடிக்காது. அதாவது, நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதருக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் பின்னால் நான் பட்ட பொறாமை உங்களுக்கு விளங்கும்.

போன வாரம் என் மகள் கவிதா மஸ்கட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிப் போனாள். காலேஜ் முடித்த கையோடு, மூன்று மாத விசாவில் என்னோடு இருக்க வந்தவள். அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தால் ஃபிளாட்டில் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும்தான். மறுநாள் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனேன். “மகள் போயாச்சா, சிஸ்டர்?” என்று கேட்டவர்களிடம் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் அவள் இங்கே இருந்தபோது நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. என் கூட வேலை பார்க்கிறவர்களில் ஒருத்தி கேரளம், ஒருத்தி மணிலா, ஒருத்தி கெய்ரோ. இதைச் சொல்ல எனக்குத் தமிழ் வேண்டும். அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான் அப்போது தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் பாரிமுனையில் அரசாங்க ஆபீஸில் கிளார்க். தினமும் சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்து போய்ப் பீச் ரயிலைப் பிடிப்பார். திரும்பி வந்தால் பேப்பர். சமையலறையில் நான் ரேடியோவை வைத்தால் கூடத்திலிருந்து குரல் வரும்: “வசந்தா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்.”

அவருக்கு அது சத்தம். எனக்கு அதுதான் எல்லாம். நர்ஸிங் ஹாஸ்டலில் பாட்டின் ஆரம்ப இசை காதில் விழுந்த உடனேயே, படம், பாடியவர், மெட்டுப் போட்டவர் மூன்றையும் சொல்லிவிடுவேன். என்னை யாரும் ஜெயித்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஆசையாக அவர் கையைப் பிடித்து, “இங்க வயலின் வருது பாருங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். “எல்லாப் பாட்டுலயும்தான் வருது” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

எண்பத்து நாலில் மஸ்கட்டுக்கு நர்ஸுகளை எடுத்தார்கள். வாடகை வீட்டிலேயே காலம் போய்விடக் கூடாது என்று இரண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். கவிதாவுக்கு அப்போது ஏழு வயது. நான் போனேன். அவர்கள் இருவரும் இருந்தார்கள்.

2

இங்கே வந்த பெண்களுக்கு அப்போதெல்லாம் கேசட்தான் கடிதம். ஊரில் உள்ளவர்கள் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, லீவு முடிந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். முதல் லீவில் நான் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்கும் கேசட் வந்தது.

ஆரம்பத்தில் வந்தவற்றில் கவிதா பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒப்பிப்பாள். “அம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு” என்பாள். பின்னால் அவர் குரல், “மெதுவாப் பேசு, அம்மாவுக்குப் புரியணும்ல” என்று கேட்கும். கேட்டுக் கேட்டு நாடா தேய்ந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து வந்த கேசட்டுகளில், அவர்கள் பேச்சுக்குப் பின்னால் பாட்டு ஓட ஆரம்பித்தது. அவள்தான் வைக்கிறாள்போல, பாவம் அவர், சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கவிதாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு கேசட் வந்தது. அரையாண்டுப் பரீட்சை மார்க்கைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, “அப்பா, இந்த இடம்! இந்த இடம்!” என்றாள்.

“இரு, இரு, பேசாதே” என்றார் அவர்.

பிறகு இருவரும் பேசவில்லை. பின்னால் ஓடிய பாட்டில் புல்லாங்குழல் ஒன்று இறங்கி வந்து வயலின்களோடு சேர்ந்துகொண்டது. அது முடிந்ததும் அவர் “அப்பாடா” என்று மூச்சு விட்டார். அவள் சிரித்தாள். எனக்காகப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம் என்பதையே இருவரும் மறந்துபோயிருந்தார்கள். மார்க் என்ன ஆயிற்று என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை.

மஸ்கட்டில் ரூவி என்ற பகுதியில் அப்போது நாங்கள் நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையைப் பிரிந்து வந்தபோது அழுத அழுகை எனக்குத் தெரியும். இது அது இல்லை. அந்தப் பாட்டில் அந்த இடம் எனக்கும் பிடித்த இடம். அந்த “இந்த இடம்” என்ற சொல்லை அவள் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எல்லாப் பாட்டிலும் வயலின் வருகிறது என்று சொன்ன மனிதரிடமா?

3

அடுத்த லீவில் போனபோது எதிர்வீட்டு தனம் பால் ஊற்ற வந்தாள். சிட்லபாக்கம் வயலாக இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிற குடும்பம் அவளுடையது.

“இன்னாக்கா, எப்ப வந்தே? உம்மூட்ல இப்ப டெய்லி கச்சேரிதான், தெரியுமா? அப்பனும் பொண்ணும் பொட்டிய வச்சிகினு குந்திக்கிறாங்கோ. இவரு ஒண்ணு சொல்றாரு, அது ஒண்ணு சொல்லுது. ஒரே சண்ட. ஆனா சிரிச்சிகினே சண்ட!”

“நல்லதுதானே” என்றேன்.

“நல்லதுதான்க்கா. பாக்க ஜோரா கீது” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். எனக்குப் பாலைக் காய்ச்சக்கூட மனம் வரவில்லை.

அன்றைக்கே அவரிடம் கேட்டேன். “நீங்க எப்பலேர்ந்து பாட்டு கேக்க ஆரம்பிச்சீங்க?”

அவர் பேப்பரை மடித்தார். “நீ போன மாசம், குழந்தை சாப்பிடவே மாட்டேன்னுட்டா. என்ன பண்றதுன்னு தெரியல. நீ சமைக்கறப்ப வைப்பியே அந்த ஸ்டேஷனை வச்சேன். ரெண்டு வாய் சாப்பிட்டா. தினமும் வச்சேன். பக்கத்துல உக்காந்திருக்கணும், அசையக் கூடாதுன்னு அவ ஆர்டர். கேக்கக் கேக்க எனக்கும் பிடிச்சுப்போச்சு.”

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். உருகினேன்தான், ஒரு நிமிஷம். பிறகு பொறாமை முன்னைவிட அதிகமாயிற்று. என் ரேடியோ, என் ஸ்டேஷன், நான் எழுந்து போன இடம். அதில் அவர் உட்கார்ந்துகொண்டார், உட்கார்ந்து எனக்குத் தெரியாததையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார். பேஸ் கிட்டார் என்றால் என்னவென்று இந்தக் கிளார்க் ராமலிங்கத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் அந்த லீவில்தான் கவனித்தேன். கவிதா அவரை “நீ” என்றாள். “போப்பா, உனக்கு ஒண்ணும் தெரியல” என்பாள். என்னிடம் வந்தால் “நீங்க.” “அம்மா, உங்களுக்குக் காப்பி போடட்டுமா?” விருந்தாளியிடம் கேட்பது மாதிரி அவ்வளவு மரியாதை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவள் மரியாதையைப் பாராட்டினார்கள்.

4

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சினிமாப் பாட்டின் சத்தமே மாறிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிக்கிற வீட்டிலும் சண்டை வரும். எங்கள் வீட்டில் அவர் பழையவர் கட்சி, கவிதா புதியவர் கட்சி. நான் தோற்றுவிடக் கூடாது என்று இங்கே மஸ்கட்டில் கேசட் கடைக்காரரிடம் விசாரித்து, புதிதாக வந்ததையெல்லாம் வாங்கி, டியூட்டி முடிந்து வந்து பாடம் படிப்பது போலக் கேட்டேன். பல பாட்டுகள் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் போனபோது பெரிய சி.டி. பிளேயர் ஒன்று கொண்டுபோனேன். சுங்கத்தில் பெட்டியைப் பிரித்து, கேள்வி கேட்டு, திரும்பக் கட்டுவதற்குள் விடிந்துவிட்டது. வீட்டில் அதைப் பார்த்ததும் கவிதா குதித்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு அவளும் அவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் சென்னையில் ஓர் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மெல்லிசைக் கச்சேரி. என் லீவு உறுதியாவதற்கு முன்பே இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் தன் டிக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

“நீ போய்ட்டு வா. நான் எப்ப வேணா கேப்பேன்.”

“நீங்க போங்க. அவ உங்களோடதானே போக நினைச்சா?”

“அவளே சொன்னா, அம்மா வரட்டும்னு.”

கவிதாவைப் பார்த்தேன். “ஆமாம்மா, வாங்க” என்றாள். முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல பெண்.

கச்சேரியில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், “ரொம்ப நல்லா இருக்குல்ல?” என்றேன். அவளும் “ஆமாம்மா” என்றாள். ஒரு பாட்டில் நடுவிலே அவள் சட்டென்று, கண் விரிய, என் பக்கம் திரும்பினாள். என்ன என்பதுபோல நான் சிரித்தேன். அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல” என்று மேடையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அந்த இருக்கையில் யாரை நினைத்துத் திரும்பினாள் என்று எனக்குத் தெரியாதா?

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தோம். அவளிடம் என்ன கேட்பது என்று யோசித்து, “பசிக்குதா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். குரோம்பேட்டை வந்தது.

சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் என் பக்கத்தில் நடந்து வந்த பெண் ஓடினாள்.

“அப்பா! அந்த ரெண்டாவது சரணம் இருக்குல்ல, அதுல பேஸ் தனியாப் போகும்ல, அதை விட்டுட்டாங்கப்பா!”

“விட்டுட்டானா? அதை விட்டா அந்தப் பாட்டுல என்னடி இருக்கு?”

“அதான் நானும் நினைச்சேன்! ஆனா தபலா சூப்பர். உன் ஆளோட பாட்டுக்குத்தான் கைதட்டல் கம்மி, தெரியுமா?”

“நீ பொய் சொல்ற. நான் அம்மாவைக் கேக்கறேன். என்ன வசந்தா, நிஜமா?”

“ரெண்டுக்கும் தட்டினாங்க” என்றேன்.

அவர்கள் சைக்கிளை நடுவில் விட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஒரு பாட்டு விடாமல் அவள் சொன்னாள். வாத்தியத்தை வாயாலேயே வாசித்துக் காட்டினாள். கச்சேரியை நான் அவளோடு கேட்டிருந்தேன். ஆனால் அது நடந்தது இப்போதுதான், இந்தத் தெருவில், அவரோடு. நான் பின்னால் வந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பெண், கட்டின புருஷன் மேல், பெற்ற மகளுக்காக இப்படிப் பொறாமைப்படுவாளா என்று கேட்பீர்கள். படுவாள். அந்த சைக்கிள் பஞ்சராகட்டும் என்றுகூட நினைத்தேன்.

5

அவளை இங்கே கூட்டி வருவதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அவருக்கு எட்டாத இடத்தில் அவள் என்னோடு கொஞ்ச நாள் இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்குள் நர்ஸ்களில் மூத்தவள் என்று எனக்குத் தனி ஃபிளாட் கிடைத்திருந்தது. அவள் டிகிரி முடிக்கிற சமயம் பார்த்து விசாவுக்கு அலைந்தேன். மகளை அழைக்க மனுப் போட வேண்டியவன் தகப்பன்தானே, தாய் ஏன் வந்து நிற்கிறாள் என்பதுதான் விசா ஆபீஸில் முதல் கேள்வி. கணவர் எங்கே? ஊரில். உயிரோடு இருக்கிறாரா? இருக்கிறார். அப்படியென்றால் ஏன் இங்கே இல்லை? இதற்கு என் அரபியில் பதில் இல்லை. ஆஸ்பத்திரி அரபி எனக்குத் தெரியும்: வலி எங்கே, மூச்சை இழு, கையை நீட்டு. கவுன்டரில் அது உதவவில்லை. யாருக்கு விசா என்று கேட்டபோது ‘என் மகளுக்கு’ என்று சொல்வதாக நினைத்து “அனா பின்த்” என்றேன். நான் ஒரு சின்னப் பெண் என்று அர்த்தமாம். அந்த மனிதர் என் நரையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுன்டர்காரரும் எட்டிப் பார்த்தார். சிரித்த குஷியிலோ என்னவோ, அன்றைக்கே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

கவிதா வந்தாள். சமைத்தாள், வீட்டைத் துடைத்து வைத்தாள், எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சாயந்திரம் பாட்டு வைத்தால் நானும் போய் உட்காருவேன். “இது நல்லா இருக்கு.” “இதுவும் நல்லா இருக்கு.” அவள் மரியாதையாகத் தலையாட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார். என்னிடம் தண்ணி லாரி வரவில்லை, மோட்டார் ரிப்பேர் என்று ஒரு நிமிஷம். பிறகு அவளிடம் பாட்டு. அவள் டெலிபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பை, நான் அடுத்த அறையில் துணி மடித்தபடி கேட்பேன். கடல் தாண்டிக் கூட்டி வந்தும் அவளை என்னால் அவரிடமிருந்து பிரிக்க முடியவில்லை.

6

இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். சூக்கிலிருந்து, அதாவது இங்கத்துக் கடைத்தெருவிலிருந்து, டாக்ஸியில் வரும்போது டிரைவர் வைத்திருந்த அரபிப் பாட்டு அவளுக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு ஆண் குரல், கூட ஊது வாத்தியம். ஊது என்றால் ஊதுவது இல்லை, தந்தி வாத்தியம். வயிறு பெருத்த கிட்டார் மாதிரி இருக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போனான். இந்த மாதிரிப் பாட்டை வார்டிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று எனக்கு டியூட்டி கடுமை. கால் வலி.

“எப்படிம்மா இருக்கு?” என்றாள்.

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சகிக்கல” என்று வந்துவிட்டது.

அவள் திகைத்துப் பார்த்தாள்.

“ஒரே வரியைப் பிடிச்சிட்டு அழறான். முடிக்கவே மாட்டேங்கறான். இதுல என்ன கண்டே?”

“அழலம்மா! ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல முடிக்கிறான், கவனிங்க.”

“கவனிச்சேன். அஞ்சு தடவையும் அழுதான்.”

“இல்ல! இதோ, இப்ப கேளு. இந்த இடம். மேல போய்ட்டு நிக்கிறான் பாரு. உனக்கு ஒண்ணுமே தெரியலம்மா!”

“எனக்கா தெரியாது? நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல வந்து கேட்டுப் பாரு, யாருக்குத் தெரியும்னு. அவன் ‘யா ஐனி, யா ஐனி’ங்கறானே, அதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பாக்கலாம்.”

“என்ன?”

“ஐன்னா கண்ணு. என் கண்ணேன்னு கூப்பிடறான். வார்டுல கண்ணு வலிக்குதுன்னு வர்ற கிழவிங்க தினம் சொல்றதுதான்.”

“என் கண்ணேவா? நம்ம பாட்டு மாதிரியேவா?” என்றவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்பைத் திருப்பி ஓட்டினாள். “இப்ப கேளு. அர்த்தத்தோட கேளு. இப்பவும் அழுகைன்னு சொன்னா உன்னோட பேசவே மாட்டேன்.”

கேட்டேன். ஒரு இடத்தில் அவன் நின்றது நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. சமைக்கும்போதும் சண்டை தொடர்ந்தது, சாப்பிடும்போதும் தொடர்ந்தது. ரசத்தில் உப்பு போட மறந்திருந்தேன், அவளும் கவனிக்கவில்லை. அவள் என்னை ‘நீ’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தது, பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் வயதுக்கு வந்த நாளிலிருந்து அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே அவளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேனே. அவர் ஒரு நாள்கூடத் தலையாட்டியிருக்க மாட்டார்.

அந்த வாரம் அவர் கூப்பிட்டபோது கவிதா கீழே கடைக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தாள்.

“கவி இல்லையா?”

“கடைக்குப் போயிருக்கா. எங்களுக்குள்ள மூணு நாளா சண்டை.”

“ஐயையோ, எதுக்கு?”

“ஒரு பாட்டுக்கு.”

“எந்தப் பாட்டு?”

“உங்களுக்குத் தெரியாது. அரபிப் பாட்டு. இங்க கேட்டோம்.”

“ஓ” என்றார்.

அந்த “ஓ” எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பல வருஷமாக அதை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல், டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

“உங்ககிட்ட அவ சொல்லலையா?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“இல்லையே” என்றார். பூத்தில் யாரோ அவசரப்படுத்துவதும், “இருப்பா” என்று அவர் சொல்வதும் கேட்டது. வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கி, “எப்படி இருக்கும் அந்தப் பாட்டு?” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. சொல்ல ஆரம்பித்தேன். ஒரே வரியை எத்தனை விதமாக முடிக்கிறான் என்று, ஊது எப்படி இருக்கும் என்று, ஐனி என்றால் என்ன என்று. அவர் குறுக்கே கேள்வி கேட்டார். தாளம் என்ன, கூட வயலின் உண்டா, பாடுகிறவன் குரல் தடிப்பா மெலிசா. “எனக்குப் பிடிக்கலைன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்” என்றேன். “பிடிக்கலைன்னு சொல்றவ இவ்வளவு விவரமா சொல்ல மாட்டாளே” என்றார். இருவரும் சிரித்தோம். தண்ணி லாரியைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை. மெல்ல, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, “வேற பாட்டு ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

வைத்த பிறகுதான் கவிதா ரொட்டியோடு உள்ளே வந்தாள்.

“போன்ல யாரு?”

“உங்கப்பா.”

“எங்கிட்ட பேசாமலா வச்சாரு? ரெண்டு பேரும் என்ன பேசினீங்க இவ்வளவு நேரம்? கீழ்வீட்டு ஆன்ட்டிகூட சிரிப்புச் சத்தம் கேக்குதுன்னாங்க.”

“பாட்டைப் பத்தித்தான்.”

“அப்பா உங்கிட்ட பாட்டைப் பத்திப் பேசினாரா?”

ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். புருவத்தின் நடுவில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தது.

“எந்தப் பாட்டும்மா?” என்று கேட்டாள்.

நான் உடனே சொல்லவில்லை.